யூலையில் நான் சொன்ன ‘யோ’

வீடியோ கேம் செய்யும் சின்ன ஸ்டூடியோ ஒன்றில் எனக்கு வேலை. நான் கேம் செய்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கோப்பி போடுவேன், மதியத்துக்குக் கறுப்புப் பாணும் மீனும் அடுக்குவேன், போன் எடுப்பேன். ஹ்விடோவ்ரேயிலிருந்து கோபன்ஹேகனுக்கு ரயிலில் வந்து போகிறேன்.

முதலாளி என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். சிறுவயதிலிருந்தே ஒரே ஒரு கம்பனியின் கன்சோலில்தான் விளையாடினாராம். அந்தப் பழைய பெட்டி அவருடைய மேசையில் சாமிப்படம் மாதிரி இருக்கும். அதே கம்பனி எங்கள் ஸ்டூடியோவை வாங்கப்போகிறது என்ற பேச்சு வசந்தத்தில் தொடங்கியதும் மனிதர் தரையில் கால் படாமல் திரிந்தார்.

யூலை வந்தது. யூலையில் டென்மார்க்கில் ஈ காக்கைகூட வேலை செய்யாது. முதலாளி போனை அணைத்துவிட்டுக் கடற்கரைக் குடிலுக்குப் போய்விட்டார். கோயில் தேருக்கு என்று லீவைச் சேர்த்து வைத்திருந்ததால் கந்தோரில் நான் மட்டும்தான்.

அப்போதுதான் கன்சோல் கம்பனி ஆள் போன் எடுத்தார். டேனிஷ்காரர், தன்மையாகக் கதைத்தார். முதலாளி பதிலே போடவில்லை, தங்களுக்கோ அவசரம் என்றார். பிறகு கேட்டார்:

“அவர் வேறு யாருக்கும் சம்மதம் சொல்லிவிடவில்லைத்தானே?”

இந்த இடத்தில் என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே பிறந்தவள். என் டேனிஷைத் திருத்துவதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. அதற்கு முந்தின கிழமை, “நீங்கள் சாப்பிடவில்லையா?” என்று அவள் டேனிஷில் கேட்டாள். நான் சாப்பிட்டிருந்தேன். ஆகவே ‘யா’ என்றேன். டேனிஷில் ‘யா’ என்றால் ஓம்.

“அம்மா, கேள்வியிலை ‘இல்லை’ வந்தா ‘யா’ சொல்லக்கூடாது. ‘யோ’ எண்டு சொல்லவேணும்.”

“அதென்னடி யோ? எங்கட ஐயோவிலை பாதியோ?”

“ஓம். இப்ப விளங்கிச்சுதோ?”

விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். போனில் கேட்ட கேள்வியிலும் ‘இல்லை’ இருந்தது. தமிழில் என்றால் ‘ஓம், சொல்லேல்லை’ என்றிருப்பேன். அந்த ஓமைத் தூக்கிவிட்டு யோவை வைத்தேன்.

“யோ, யோ,” என்றேன் இரண்டு தரம். பெருமை வேறு!

அவர் “அப்படியா…” என்று இழுத்தார். முதலாளிக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னார். நான் நன்றி சொல்லி, ‘கன்சோல் கம்பனி போன் எடுத்தது, வாழ்த்துச் சொன்னது’ என்று துண்டு எழுதி அந்தப் பழைய பெட்டியில் ஒட்டிவிட்டேன்.

ஓகஸ்டில் முதலாளி வெயிலில் சிவந்துபோய் வந்தார். துண்டைப் படித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். மதியத்துக்குள் செய்தி வந்துவிட்டது. அந்தக் கம்பனி சுவீடனில் வேறொரு ஸ்டூடியோவை வாங்கிவிட்டது. அவர் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கோ போன் எடுத்தார். நான் குசினியில் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை.

“அவர்கள் எங்களைத்தான் வாங்க இருந்தார்களாம். நான் வேறு ஆட்களுக்குச் சம்மதித்துவிட்டேன் என்று இங்கே போனில் பதில் சொன்ன யாரோ சொன்னார்களாம். அதுவும் இரண்டு தரம்.”

கத்தி என் கையில் அப்படியே நின்றது. இரண்டு தரம். மகள் கேட்டது, நான் சாப்பிட்டிருந்தது எல்லாம் ஒரே அடியாக விளங்கியது. இல்லையா என்று கேட்பவரை மறுத்து, இருக்கிறது என்று சொல்வதற்குத்தான் யோ. அந்த மனிதனின் ஆசையை நானே என் வாயால் கெடுத்திருக்கிறேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் மறுக்க வேண்டும் என்ற ஆசை அவர் கண்ணில் அப்படியே தெரிந்தது.

“அது நீ இல்லைத்தானே?”

“யோ,” என்றேன்.

இந்தத் தரம் பிழைவிடவில்லை.