டி எழுத்தின் முறை

கீழ்வேளூரைத் தாண்டி நாகப்பட்டினம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். வயது பதின்மூன்று. கன்னத்தில் மாமாவின் கைத்தடம் எரிந்தது. நெஞ்சு மட்டும் நிமிர்ந்தே இருந்தது. நான் சொன்னதுதான் சரி.

அம்மாவின் தம்பியான மாமா சிங்கப்பூர்க் காசில் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். எட்டாவதோடு பள்ளியை விட்ட நான் பகலெல்லாம் அங்கேதான் கிடப்பேன். அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். முதல் பகுதி சி, அடுத்தது டி. மாதா கோயில் நூற்றாண்டு மலருக்காக மூன்று மாதம் தட்டச்சு செய்ததெல்லாம் டி-யில் இருந்தது. வேறு பிரதி கிடையாது.

முந்தின நாள் மாமா இன்னொரு பழைய டிஸ்க்கை வாங்கிவந்து மாட்டினார். எழுத்து வரிசையில் முந்திக்கொண்டு டி என்ற எழுத்தை அது எடுத்துக்கொண்டது. மலர் இருந்த பகுதி ஈ ஆகிவிட்டது. மறுநாள் காலை மலரைப் பார்க்கக் கோயில் உபதேசியார் வந்து உட்கார்ந்திருந்தார். வந்த டிஸ்க்கில் கிடந்த குப்பையை ஒழிக்க, டி-யை ஃபார்மட் செய்யும்படி மாமா தட்டினார். மூடி கழற்றிய பெட்டிக்குள் நான் எட்டிப் பார்த்தேன். நேற்று மாட்டிய டிஸ்க்கின் வயர் கழன்று தொங்கியது.

"மாமா, அழிச்சிராதீங்க! வயரு கழண்டு கெடக்கு. இப்ப டி-ன்னா நம்ம மலருதான்."

"நேத்து டி எதுவோ அதானடா இன்னைக்கும் டி? சர்வே நம்பரு ராவோட ராவா மாறுமா?"

"சர்வே நம்பரு இல்ல மாமா, முறைத் தண்ணி மாதிரி. முன்னால உள்ளவன் வரலன்னா அடுத்த வயலுக்குத் தெறந்துடுவாங்கல்ல?"

உபதேசியார் சிரித்துவிட்டார். "மருமவன் ஒங்களுக்கே பாடம் எடுக்குறானே!"

மாமாவின் முகம் சிவந்தது. அழிக்கலாமா என்று திரை கேட்டதற்கு 'ஆம்' என்று சொல்லும் 'ஒய்' எழுத்தை நோக்கி விரல் இறங்கியது. நான் பிளக்கைப் பிடுங்கினேன். அறை விழுந்தது.

"மிஷினையே கெடுத்துட்டியேடா! போடா வெளிய!"

போய்விட்டேன்.

மலர் சொன்ன நாளில் வெளிவந்தது என்று பிற்பாடு அம்மா சொன்னாள். சென்டர் சுவரில் 'அழிக்கும் முன் வயரைப் பார்க்கவும்' என்று மாமா எழுதி ஒட்டினாராம். அது என் வாசகம் என்று பம்பாயிலும் துபாயிலும் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

நான் ஊரைவிட்டு வந்த மறுநாள் காலை நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஐஸ் உடைக்க ஆள் எடுத்தார்கள். வழக்கமாக வரும் நால்வருக்குப் பின்னால் ஐந்தாவதாக என் பெயரைச் சேர்த்தார் மேஸ்திரி. தேவை மூன்று பேர். கூப்பிட்டபோது இருவர் இல்லை, திருப்பூருக்குப் போய்விட்டார்களாம். நான் மூன்றாவது ஆனேன். என் கணக்கு இங்கேயும் செல்லுபடியானதில் பெருமை பொங்கச் சம்மட்டியைத் தூக்கினேன். ஊரில் நான் விட்டுவந்த இடம் அந்நேரம் யாருடைய முறைக்குப் போயிருக்கும் என்று யோசிக்க எனக்குத் தெரியவில்லை.