முதுகுக்குள்ள ஸ்க்ரூ

தொண்ணூத்தொண்ணுல பொறந்த என் முதுகு சின்ன வயசுலேர்ந்தே வளைஞ்சுதான் கீது. ஸ்க்ரூ போட்டு, கம்பி வச்சு நிமித்தலாம்னு டாக்டர் சொல்றாரு. கால் வெளங்காம போற ஆபத்தும் உண்டாம். பண்ணலன்னா போகப்போக மூச்சு வாங்குமாம். யோசிச்சு யோசிச்சே ஓய்ஞ்சு போயிட்டேன்.

இன்னைக்கு கம்பெனி பஸ்ல குமாரண்ணன்கிட்ட சொன்னேன். வண்டி பூட்டுற எங்க லைன்ல போல்ட்டு முறுக்குறவரு. முறுக்குனதுக்கு அடையாளமா ஒவ்வொண்ணுலயும் பெயிண்ட்ல கோடு போடுவாரு. கோடு இல்லாத வண்டி எங்க ஒரகடம் ஃபேக்டரி கேட்டைத் தாண்டாது.

"ஸ்க்ரூ மேல கோடு போடுவாங்களா?"ன்னு கேட்டாரு.

"முதுகுக்குள்ள எப்டிண்ணா?"

"அப்ப டைட்டா கீதான்னு இன்னாத்த வச்சு செக் பண்ணுவாங்க?"

"நான் எழுந்து நடக்குறத வச்சுத்தாண்ணா."

அண்ணன் வெரல்ல காஞ்சு கெடந்த பெயிண்ட சொரண்ட ஆரம்பிச்சாரு.

இந்த ஆப்பரேஷன் பண்ணிக்கினவங்க இருந்தா சொல்லுங்க. நடந்து வர வேணாம், கமெண்ட் போட்டா போதும்.