இஸ்மாயில் மாமாவின் ஐந்து ரேடியோக்கள்

கைப்பேசி திருத்தும் கடையொன்றில் ஈயம் உருகும் மணம் மூக்கில் ஏறியதும், வீடுகள் இடிபட்டு இப்போது வெறும் மதிலாகிவிட்ட எங்கள் திருகோணமலைத் துறைமுக ஒழுங்கையும் இஸ்மாயில் மாமாவும் நினைவில் வந்தார்கள். பகலெல்லாம் கப்பலில் மூட்டை சுமந்த அவர், பழைய ரேடியோக்களைக் கழற்றிக் கழற்றித் தானாகவே கற்ற ரேடியோ திருத்தும் வேலையை, மாலைகளில் ஒழுங்கை முழுவதற்கும் சும்மா செய்துகொடுத்தார். அவருடைய ஒற்றை அறையில் எப்போதும் நாலைந்து ரேடியோக்கள் ஒன்றாக இரைந்துகொண்டிருக்கும்.

ஒரு பின்னேரம் பொலிஸ் வந்தது. துறைமுகக் களஞ்சியத்தில் ரேடியோக்கள் களவு போயிருந்தனவாம். அவரிடமிருந்த ஐந்தையும் வாசலில் அடுக்கி, யாருடையவை என்று கேட்டார்கள்.

"இந்தச் சனங்களிட்டக் கேளுங்க ஐயா," என்றார் மாமா.

அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஒருவரிடமும் அது இல்லை. பயத்தில் ஒவ்வொருவராகத் தலையை ஆட்டி மறுத்தார்கள். கடைசியாக என் வாப்பாவைக் கேட்டார்கள். அந்த ஐந்தில் ஒன்றான எங்கள் ரேடியோவின் மேல் உம்மா பூப்போட்டுத் தைத்த உறை அப்படியே கிடந்தது.

"எங்கட இல்ல," என்றார் வாப்பா.

நான் வாயைத் திறந்தேன். உம்மா நகம் பதிய என் கையைப் பிடித்தார்.

இஸ்மாயில் மாமா அந்த உறையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, "ஓம் ஐயா, அவங்கட இல்ல," என்றார்.

பொலிஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. மூன்று மாதம் கழித்து வந்தவருக்கு வலக்கை விரல்கள் மடங்கவில்லை. துறைமுகத்தில் வேலையும் இல்லை. கள்ளன் என்று ஒருவரும் அவரை வாசற்படி ஏறவிடவில்லை. அந்தச் சொல்லை எல்லோரையும்விட உரத்துச் சொன்னவர் என் வாப்பாதான்.