ஓட்டெடுப்பில் தோற்ற ஸ்ட்ராபெர்ரி

பெங்களூருக்கு வெளியே சந்தாபுராவில் நாங்கள் குடியிருக்கும் அபார்ட்மென்ட்டில் எதற்கெடுத்தாலும் ஓட்டெடுப்பு. லிஃப்டுக்குள் ஃபேன் வேண்டுமா, இந்த வருஷம் பிள்ளையார் எவ்வளவு உயரம், எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான் முடிவாகும். படித்த ஜனங்கள் இல்லையா! போன வருஷம் என் செடிக்கும் ஓட்டுப் போட்டுத்தான் பெயர் வைத்தார்கள்.

ஓசூர் ரோட்டு நர்சரியில் ஸ்ட்ராபெர்ரி என்று சொல்லித்தான் விற்றான். நான் நம்பவில்லை. அச்சு அசலாக அதே இலையோடு ஒரு போலிச் செடி உண்டு. பழம் சிவக்கும், ருசி மருந்துக்கும் இருக்காது. பூத்தால்தான் குட்டு வெளிப்படும். மஞ்சளாகப் பூத்தால் போலி, வெள்ளையாகப் பூத்தால் அசல். முதல் மாடி காரிடாரில் கம்பி ஓரமாகத் தொட்டியை வைத்து இரண்டு மாதம் காத்திருந்தேன். தினமும் பல் தேய்க்கும் முன்பே போய்ப் பார்ப்பேன். என் கணவரும் காபி டம்ளரோடு பின்னால் வந்து நின்று, "இன்னும் பூக்கலையா?" என்பார்.

பூத்தது. வெள்ளை! ஐந்து இதழ், நடுவில் மஞ்சள் பொட்டு. அவர் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன், நாற்பத்து மூன்று வயதில்.

அந்த வெள்ளைதான் வினையாயிற்று. எங்கள் அசோசியேஷன் செயலாளர், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வாக்கிங் போகிற வழியில் நின்று போனை நீட்டிப் படம் எடுத்தார். கம்பிக்கு அந்தப் பக்கம், கீழே காலி மனை முழுக்கப் பார்த்தீனியக் களை வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. செடிக்குப் பெயர் சொல்லும் அவருடைய ஆப் எதைப் பார்த்துச் சொன்னதோ!

"மேடம், இது பார்த்தீனியம். பசங்களுக்கு வீசிங் வரும். ரிஸ்க் பேடா, வேண்டாம், எடுத்துப் போட்டுடுங்க."

"சார், பார்த்தீனியம் இலை கேரட் இலை மாதிரி கிழிஞ்சு கிடக்கும். இதுல பாருங்க, மூணு மூணு இலை, ஓரமெல்லாம் பல்லு. இது ரோஜாக் குடும்பம் சார்."

"ரோஜான்னா முள்ளு எங்கே?"

ஆப்பிளும் ரோஜாக் குடும்பம்தான். அதை என்ன முள் எடுத்துவிட்டா தின்கிறார்? கேட்கவில்லை. செடி காலடியில் இருக்கிறது, மனிதர் குனிய மாட்டேன் என்கிறார். போனைத்தான் பார்க்கிறார்.

அன்றைக்கே குரூப்பில் ஓட்டெடுப்பு வந்தது. முதல் மாடிச் செடி ஸ்ட்ராபெர்ரியா, பார்த்தீனியமா? பார்த்தீனியம் ஜெயித்தால் சனிக்கிழமை செக்யூரிட்டி பிடுங்கிப் போடுவார். நான் இலை, பூ, மண்மேல் கயிறாக ஓடிய தண்டு என்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்துப் போட்டேன். பதிலுக்கு இரண்டு கும்பிடு வந்தது. ஒருத்தராவது படியேறி வந்து பார்க்க வேண்டுமே! துபாயில் இருக்கும் ஃப்ளாட் ஓனர்கூட ஓட்டுப் போட்டார்.

பார்த்தீனியம் அமோகமாக ஜெயித்தது. யார் யார் இந்த அறிவாளிகள் என்று பார்க்கலாமே என்று பட்டியலைத் திறந்தேன். ஏழாவது ஆளாக என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். கல்யாண நாளன்று நான் எடுத்த புரொஃபைல் படம்.

ஆள் சோபாவில்தான் இருந்தார்.

"ஏங்க, அது என்ன செடின்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்டி. எல்லாரும் அதுக்கே போட்டுட்டாங்க. நான் மட்டும் எதுக்குத் தனியாத் தெரியணும்னு..."

சீ என்று ஆகிவிட்டது எனக்கு. செயலாளரையாவது மன்னிக்கலாம், அவருக்குத் தெரியாது. இவர் தெரிந்தே போட்டார்.

தொட்டியை வீட்டுக்குள் தூக்கி வந்தேன். உள்ளே வெயில் விழுவது அவர் ஆபீஸ் வேலை பார்க்கும் ஜன்னலோர மேஜையில் மட்டும்தான். மானிட்டரை ஓரம் தள்ளித் தொட்டியை வைத்தேன். மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு பழம் சிவந்தது, சுண்டுவிரல் நுனி அளவு. அவர் மீட்டிங்கில் இருந்தபோது பறித்து, அவர் பார்க்கப் பார்க்க எதிரே நின்று தின்றேன். அப்பப்பா, என்ன புளிப்பு! பல்லெல்லாம் கூசியது. முகத்தைச் சுளிக்காமல் கடைசிவரை மென்று விழுங்கினேன்.