எவந்தியாவின் புகைக் கணக்கு

கிரேக்க நாட்டு யானினா நகர ஆய்வகத்தில் ஃபோடிஸ் வேலைக்குச் சேர்ந்த அன்று, அங்கே காற்றை ஆராயும் எவந்தியா கணினி முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு நாட்டு ஆய்வகங்களுக்கு ஒரே புகைத்தூளும் ஒரே செய்முறைத் தாளும் வந்திருந்தன. நுரையீரலைக் காக்கும் சத்துக்குப் பதிலாக ஒரு கரைசல். அதைத் தூள் எவ்வளவு வேகமாகத் தின்கிறது என்று அளக்க வேண்டும்; வேகம் கூடினால் புகை அவ்வளவு கெட்டது. மற்றவர்கள் விடைகள் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தன. இவளுடையது இரண்டு மடங்கு.

குளிர்காலத்தில் விறகுப் புகை ஏரிமேல் கவிந்தே கிடக்கும் ஊர். கணப்படுப்புகளுக்குக் கட்டுப்பாடு வேண்டுமென்று நகரசபைக்கு அவள் கொடுத்திருந்த எண்களும் இதே மேசையில் அளந்தவைதான். இது தப்பென்றால் அவையும் தப்பு.

"நம்ம ஊர்ப் புகையும் கொஞ்சம் கலந்திருக்கும்," என்றான் ஃபோடிஸ்.

"மெட்சோவோ மலையூர்க்காரனுக்கு வாய் முதல்ல வரும், புத்தி அடுத்த பஸ்ல வரும். வா, காப்பி குடிக்கலாம்."

ஏரிக்கரைக் கடையில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போவது யாருக்கும் தெரியாது. செய்முறையைச் சொல்லச் சொன்னான் அவன்.

"காலையில கரைசல் கலப்பேன். தூள் போடாம அதை மட்டும் அளப்பேன், ஒப்பிட்டுப் பார்க்க."

"அப்புறம்?"

"அப்புறம் இதோ, இங்க வந்து காப்பி. திரும்பிப் போய்த்தான் தூளைப் போட்டு..."

பாதிக் காப்பியை வைத்துவிட்டு எழுந்தாள். அந்த ஊரில் அப்படி எழுந்தால் வீட்டில் துக்கம் என்று நினைப்பார்கள்.

போய் வெறுங்கரைசலை மறுபடி அளந்தாள். காற்றும் வெளிச்சமும் பட்டு அது தானாகவே பாதி கெட்டிருந்தது. அந்தப் பழியெல்லாம் இத்தனை நாளும் தூள்மேல் விழுந்திருக்கிறது.

"சத்தமில்லாம புது எண்ணை அனுப்பிடேன்," என்றான் ஃபோடிஸ்.

"அனுப்பலாம். நகரசபைக்கு யார் பதில் சொல்றது? உங்க அம்மாவா?"

பழைய எண்ணையும் புது எண்ணையும் காரணத்தோடு மற்ற ஆய்வகங்களுக்கும் நகரசபைக்கும் எழுதினாள். சிரிப்பார்கள் என்று பயந்தாள். மிலான் ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது: "எங்க விடையும் கொஞ்சம் கூடுதல்தான். நாங்க நடுவுல சாப்பிடப் போவோம். நல்லவேளை, சொன்னீங்க."

வெறுங்கரைசலையும் தூள் போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கலந்த கையோடு அளக்க வேண்டும் என்று தாளில் ஒரு வரி சேர்ந்தது. அடுத்த சுற்றில் ஆறு விடைகளும் கிட்டத்தட்ட ஒன்றாயின. ஊரில் சேர்த்து வைத்திருந்த புகைத்தூளையும் எவந்தியா மறுபடி அளந்தாள். எண்கள் இறங்கின, ஆனாலும் குளிர்காலக் காற்று கோடைக்காற்றைவிடப் பல மடங்கு கெட்டதாகவே நின்றது. தன் தப்பைத் தானே சொன்னவளின் எண்களை நகரசபை தள்ளவில்லை.

எவந்தியா இப்போதும் அதே ஆய்வகத்தில்தான் இருக்கிறாள். புகை மிகுந்த நாட்களில் எந்தத் தெருக்களில் விறகு எரிக்கக் கூடாது என்று, அவள் எண்களைப் பார்த்துத்தான் நகரசபை அறிவிக்கிறது.