லேசர் சூடும் ஒரு செம்பு நீராகாரமும்

மூச்சுத் திணறி வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது என் வேலை. அவர்கள் கேட்கிற கேள்வியில் திணறிப்போவது நான்.

காரைக்காலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், நுரையீரல் பிரிவில் நர்ஸ். டாக்டர் கடகடவென்று சொல்லிவிட்டுப் போவதை வீட்டுக்காரர்களுக்குப் புரியும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். டாக்டர் முன்னால் நன்றாகத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து "என்னதான் சொன்னாரு?" என்று நீங்களும் முழித்திருப்பீர்களே! அந்தக் கேள்வி வந்து விழுகிற இடம் நான்தான். அப்படி வந்தவர்கள்தான் போலகத்து விவசாயி ராசேந்திரனும் அவர் சம்சாரம் தையல்நாயகியும்.

வெளிச்சம் சுடுமா?

ராசேந்திரன் மூச்சு விட்டால் வராண்டா முழுக்க விசில் கேட்கும். மூச்சுக்குழாய்க்குள் புற்றுக்கட்டி வளர்ந்து, ஊசி முனையளவு வழிதான் மிச்சம். அதுவும் அடைத்துக்கொண்டால் ஆள் அவ்வளவுதான். மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு, லேசர் சூட்டில் கட்டியைக் கருக்கி வழி பண்ணலாம் என்றார் டாக்டர்.

"கத்தி வெப்பாங்களா?" என்றார் தையல்நாயகி. இல்லை என்றேன். "மருந்தா?" அதுவும் இல்லை, ஒருவித வெளிச்சம் என்றேன். பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்தால் காகிதம் கருகும் அல்லவா, அந்த மாதிரி என்று பெருமையாக ஒரு உதாரணமும் சொன்னேன். அந்தம்மா புருஷனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "காலமெல்லாம் வயல்ல வெயில்லதானம்மா நிக்கிறாரு, அப்ப ஏன் அது கருகல?"

ஒரு செம்பு நீராகாரம்

வெறும் வயிற்றோடு வர வேண்டும், எதுவும் கொடுக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். காலையில் வந்த ராசேந்திரனின் உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வழிந்தது. எண்ணெய் வைத்த கை வேறு என்னென்ன செய்ததோ என்று எனக்குச் சந்தேகம். "ஏதாவது குடுத்தீங்களா?" என்றேன். மோர் கலந்து ஒரு செம்பு நீராகாரம் கொடுத்ததாக, ஏதோ நல்ல காரியம் பண்ணின முகத்தோடு சொன்னார் தையல்நாயகி. அடப்பாவமே! மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே உயிரை வாங்கிவிடும். அன்றைக்கு முடியாது, நாளைக்குத்தான் என்றுவிட்டார் டாக்டர். பக்கத்தில் விசில் சத்தம் கூடிக்கொண்டே போனது. நாளை வரை தாங்குவாரா என்று எனக்கே பயம்.

கோபத்தில் கத்திவிட்டேன். அந்தம்மா அழவில்லை. முந்தானையால் அவர் நெற்றியில் வழிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீங்க சூடு வெக்கப் போறீங்கன்னுதான் நான் குளுமை பண்ணி அழைச்சாந்தேன், ரெண்டு பேரும் சேந்துதானம்மா அவர காப்பாத்தணும்?"

காற்றைக் குறை!

மறுநாள் தியேட்டர் நர்ஸ் லீவு. என்னை உள்ளே நிற்கச் சொன்னார்கள். எல்லோருக்கும் கலர் கண்ணாடி. லேசர் பட்டுவிடாதபடி ராசேந்திரன் கண்மேல் ஈரப்பஞ்சு. லேசரை ஆரம்பிக்கும் நேரத்தில் டாக்டர், "ஆக்சிஜனைக் குறைங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூச்சுக்குத் தவிக்கிற மனுஷனுக்கு இருக்கிற காற்றையும் குறைப்பதா? கொஞ்சம் சுடுவார்கள், நிறுத்துவார்கள், ஆக்சிஜனைக் கூட்டுவார்கள், மறுபடி குறைப்பார்கள். புகையை ஒரு குழாய் உறிஞ்சிக்கொண்டே இருந்தது. மானிட்டரில் எண் இறங்கும்போதெல்லாம் நான் மாதாவைக் கூப்பிட்டேன்.

என் முழியைப் பார்த்த மயக்க மருந்து டாக்டரம்மா, ஆக்சிஜன் திருகிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "ஆக்சிஜன் நெறைய இருக்கறப்ப லேசர் பட்டா உள்ளயே தீப்பிடிச்சுக்கும், கேஸ் கசியுற அடுப்படியில தீக்குச்சி கிழிப்பியா நீ?"

சத்தம் எங்கே?

வழி திறந்துவிட்டது. மத்தியானம் வார்டில் நிம்மதியாகத் தூங்கினார் ராசேந்திரன். நான் சாப்பாட்டில் கை வைத்தேன், தையல்நாயகி தலைவிரிகோலமாக ஓடி வந்தார். "சிஸ்டர், மூச்சு நின்னுபோச்சு!" போட்டது போட்டபடி ஓடினேன். மனுஷன் அழகாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். விசில்தான் இல்லை. அந்தம்மாவின் விரலைப் பிடித்து அவர் மூக்குக்குக் கீழே வைத்துக் காட்டினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சத்தம் கேட்டாலும் பயம், கேக்கலன்னாலும் பயம், நான் எதத்தாம்மா நம்புறது?"

ஒரு போகம்

வீட்டுக்குக் கிளம்புகிற அன்று ராசேந்திரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயார். சம்பாவுக்கு நாற்று விட வேண்டுமாம். புதுச்சேரிக்குப் போய்க் கதிர்வீச்சு எடுக்க வேண்டும் என்றேன். "மூச்சுதான் வருதே, அப்புறம் எதுக்கு?" என்றார். கட்டி முழுசாகப் போகவில்லை, வழியை அடைத்த பகுதியை மட்டும்தான் கருக்கினோம் என்றேன். "அப்ப குணமாகலையா?" என்றார். ஆகவில்லை. ஆனால் நன்றாக இருக்கிறார். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும்? எனக்கே குழப்பம்.

பூதக்கண்ணாடியை விட்டுவிட்டு வாய்க்காலைப் பிடித்தேன். "மதகுல ஆகாயத்தாமரை அடைச்சா என்ன பண்ணுவீங்க?" என்றேன். "அரிச்சு விடுவோம். தண்ணி போவும்." சொல்லும்போதே அவர் முகம் மாறியது. அது திரும்ப மண்டும் என்று அவருக்குத் தெரியாதா? மருந்து வாங்கப் போயிருந்த தையல்நாயகி வருகிறாரா என்று வாசலைப் பார்த்தார். மடித்த வேட்டியை அவிழ்த்துவிட்டார். "சரி, புதுச்சேரிக்குப் போறேன்" என்றார். பிறகு குரலை இறக்கிக் கேட்டார்: "மறுபடி மண்டுறதுக்குள்ள ஒரு போகம் எடுத்துடலாமில்ல, சிஸ்டர்?"

ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்ல என்னைப் போட்டிருக்கிறார்கள், சரி; அந்த ஒரு கேள்விக்கு எனக்கு விளக்கம் சொல்ல ஒரு ஆளைப் போட்டால் தேவலை.