பங்காளி இட்ட கையொப்பம்

காலை ஆறரை மணிக்குச் சாங்வியிலிருந்து புறப்பட்டேன். கசார்வாடி நிலையத்தில் ஐந்து ரூபாய்க்குப் பயணச்சீட்டு. புறநகர்த் தொடர்வண்டி ஏழரைக்கெல்லாம் தேஹு ரோட்டில் இறக்கிவிட்டது. அங்குள்ள படைக்கலக் கிடங்கில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என் தம்பி. அவன் மகள் வள்ளி, கண்பத் என்னும் மராட்டிய உழவரை மணந்து, பன்னிரண்டு கிலோமீட்டர் அப்பாலுள்ள சிற்றூரில் வாழ்கிறாள். ஷேர் ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். வள்ளியின் வீடு என்றதும், "இன்றைக்கு அங்கே பரீட்சையாமே!" என்று ஓட்டுநர் இந்தியில் நகைத்தார்.

எட்டரை மணி. பரீட்சை என்றது மெய்தான். மூன்றாண்டுகளாக வேதியுரமும் நஞ்சும் தீண்டாத அந்நிலத்தை அன்று அண்டை உழவர் ஐவர் ஆராய வேண்டும். ஐவரும் ஒப்பமிட்டாலன்றி இயற்கை விளைபொருள் என்னும் சான்று கிட்டாது. கிட்டாவிட்டால் இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். அரசு வகுத்த முறை இது. இயற்கை வேளாண்மையை மராட்டியர் 'சேந்திரிய' உழவு என்பர். இந்திரியங்களோடு கூடியது என்று நான் பொருள் கொண்டேன்.

ஐவருள் ஒருவர் சந்தோஷ், கண்பத்தின் பங்காளி. வரப்புத் தகராற்றால் இரு வீட்டாருக்கும் நெடுநாளாகப் பேச்சில்லை.

"அவரையா அழைத்தீர்கள்?" என்று திகைத்தேன்.

"அவர்தான் வேணும் பெரியப்பா. வேண்டப்பட்டவங்களே கையெழுத்து போட்டா மார்க்கெட்ல யாரு நம்புவா? சண்டைக்காரர் போட்டா பக்கா!" என்றாள். சொல்லும்போதே அவள் முகம் வெளிறியிருந்தது.

பத்து மணிக்கு ஐவரும் வந்தனர். நால்வர் நடந்து நோக்கினர், சந்தோஷோ மண்டியிட்டார். மண்ணைக் கிள்ளி முகர்ந்தார். கத்தரி இலைகளைத் திருப்பி அடிப்புறம் பார்த்தார். பின் நேரே கொட்டகைக்குள் சென்று நீலப் பீப்பாயின் மூடியைத் திறந்தார். கடுநாற்றம் எழுந்தது. வள்ளி முந்தானையை இறுகப் பற்றினாள்.

"என்ன இது?"

"பூச்சி விரட்டும் பத்திலைக் கரைசல்," என்றார் கண்பத், தரையைப் பார்த்தவாறு. "வேம்பு, நொச்சி, எருக்கு..."

சந்தோஷ் விரலைத் தோய்த்து மீண்டும் முகர்ந்தார். மராட்டியில் விரைவாக ஏதோ உரைத்தார். நால்வரும் வெடித்துச் சிரித்தனர்.

வள்ளி என் காதருகே மொழிபெயர்த்தாள்: "நொச்சி பத்தலையாம். கஞ்சத்தனம் இந்த வீட்டு வழக்கமாம்!"

சந்தோஷ் எழுதுகோலை வாங்கி ஒப்பமிட்டார். மற்ற நால்வரும் தொடர்ந்து ஒப்பமிட்டனர். வள்ளி சுவரில் சாய்ந்துவிட்டாள்.

வயலின் கீழ்ப்புறம் ஓர் ஓடை. "இது இந்திராயணி ஆத்துல போய்ச் சேருது. அந்தத் தண்ணிய யார் யாரோ குடிக்கிறாங்க, பெரியப்பா," என்றாள். மண்ணின் உயிர், நீரின் தூய்மை, உண்போர் உடல்நலம் என அரசு அறிக்கைகளில் நான் படித்த குறிக்கோள்கள் ஓர் ஓடையாக என் காலடியில் ஓடின. முன்பின் அறியாதோர் அருந்தும் நீருக்குப் பகைவரின் மூக்கைக் காவல் வைத்த மதிநுட்பத்தை வியந்து நின்றேன்.

வள்ளி அனைவருக்கும் தேநீர் கொணர்ந்தாள். சந்தோஷ் கையை உயர்த்தி, "சஹா நகோ," என்று மறுத்துவிட்டு, வழக்குக்குரிய அந்த வரப்பின் மீதே நடந்து போனார்.

"குடிக்க மாட்டாரு. கேஸு இன்னும் கோர்ட்டுல இருக்கே!" என்று வள்ளி சிரித்தாள்.

மாலை நான்கு மணிக்கு விடைபெற்றேன். எங்கள் சொந்த ஊரிலும் பங்காளிகள் உண்டு. வரப்பு வழக்குகளும் உண்டு. ஆனால், வழக்கு நிலுவையில் இருக்கையில் எதிராளியின் மண் தூயது என்று ஒப்பமிட்டவரை நான் அங்குக் கண்டதில்லை.